ஈரக் கை படக்கூடாது

மாக்ரெட் அக்காவின் வீட்டில் பால் டொபி சுற்றப் போகிறவர்களுக்கு ஒரேயொரு சட்டம்தான். மேசையில் உட்கார்ந்த பிறகு கை நனையக்கூடாது. தண்ணீர் விடாய்த்தால்கூட மற்றவள் குவளையைப் பிடித்து வாயில் ஊற்றவேண்டும். ஈரம் பட்டால் டொபி வேர்க்கும். வேர்த்த டொபி எண்ணெய்த்தாளோடு ஒட்டிக்கொண்டு பிய்க்க வராது, கடைக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான். கை பிசுபிசுத்தால் பழைய துணியில் துடை, ஐசிங் சீனியைத் தொட்டுக்கொள், மறுபடி சுற்று. அந்த மேசையில் பதினொரு வருடம் இருந்தவள் நான். வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் இராத்திரி தலையணையில் எறும்பு வரும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். மாக்ரெட் அக்கா விடிய ஐந்தரைக்குத் தாச்சியை அடுப்பில் ஏற்றினால் ஏலக்காய் வாசத்தோடு டின்பால் கொதிக்கிற மணம் என் படுக்கைக்கே வந்துவிடும். ஐப்பசி கடைசியிலிருந்து நத்தார்ப் பண்டிகை வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது. அந்த வருடமோ பகலெல்லாம் வெயில், மூன்று மணியானால் மழை. காற்றே ஈரமாகக் கிடந்தது. ஈரக் காற்று அடித்தால் மாக்ரெட் அக்காவின் வாயும் கெட்டுப் போய்விடும்.

மருமகள் றேணுகா மட்டக்குளிப் பெண். துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க்காக இருக்கும் ரொஷானைக் காதலித்துக் கட்டினவள். அதற்காக மாமியார் அவளை மன்னிக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒன்பதாம் மாதத்தில் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே செத்துப் போனதற்காகவும் மன்னிக்கவில்லை. பெரிய பிள்ளை, நாலு கிலோ, ஆண். சவப்பெட்டியை மூடும்போது நானும் பார்த்தேன். நித்திரை கொள்கிற பிள்ளை போலத்தான் இருந்தது. பிறகுதான் டொக்டர்மார் சொன்னார்கள், வயிற்றோடு இருந்தபோது தாய்க்கு இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை என்று. ஆகவே இந்த இரண்டாம் தடவை, ஆறாம் மாதத்திலேயே சீனி இருக்கிறதென்று கிளினிக்கில் சொன்னவுடன், அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்தான். இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயம். பயந்தால் சிலர் அழுவார்கள், சிலர் செபமாலை உருட்டுவார்கள். மாக்ரெட் அக்கா அடிக்கப் போவார்.

ரொஷான் எங்கோ சொல்லிச் சீனி பார்க்கிற மீற்றர் ஒன்று வாங்கிவந்தான். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டியில் வைத்தால் எண் வரும், அதைக் கொப்பியில் எழுதவேண்டும். பட்டிகள் விலை. ஆகவே நாளைக்கு இரண்டு தரம்தான். விடிய வெறும் வயிற்றில் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. முதலாவது குத்தும்போது றேணுகா இன்னும் முகம் கழுவிய ஈரத்தோடு நிற்பாள். எண்பத்தாறு, தொண்ணூறு என்று நல்ல பிள்ளையாக வரும். இரண்டாவது ஒன்பதரை மணிக்கு, நாங்கள் மேசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது. அதுதான் வினை.

"எழும்பாத, இருந்த இடத்திலயே குத்து," என்பார் மாக்ரெட் அக்கா, தாச்சியை விட்டு வராமலே. "கையத் துணியில துடை. எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாலு, மாமி."

"எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாலு."

அகப்பை தாச்சி விளிம்பில் டணார் என்று விழும். அவர் வந்து அவளுடைய முகத்துக்கு நேரே குனிவார்.

"என்ன களவாத் திண்டனீ?"

"ஒண்டும் தின்னேல்ல மாமி. காலமயிலயிருந்து நீங்க தந்த இடியப்பம் மட்டும்தான்."

"இடியப்பத்துக்கு இருநூறு ஏறுமா? எனக்கென்ன விசரா? நீ மேசையில இருந்து வாய அசைக்கிறத நான் காணேல்ல எண்டு நினைக்கிறியா?"

"மாதா சத்தியமா இல்ல."

"மாதாவ இழுக்காத, நாய்! முதல் பிள்ளையையும் இப்பிடித் திண்டு திண்டுதானே பெட்டியில அனுப்பினனீ."

யேசுவே, அந்தச் சொல்! நான் எதிரே இருந்தவள். தாளை மடித்துக்கொண்டே இருந்தேன். றேணுகா அழவில்லை. டொபியை எடுத்தாள், தாளில் வைத்தாள், இரண்டு பக்கமும் முறுக்கினாள். அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று பிறகு எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் நானும் அவளை நம்பவில்லை. எண் பொய் சொல்லுமா?

முதல் மாதம் குளிசை மருந்து. பிறகு இன்சுலின் ஊசி, காலைச் சாப்பாட்டுக்கு முன் தொடையில் ஆறு யூனிட். ஊசி வந்த பிறகும் ஒன்பதரை எண் இறங்கவில்லை. இருநூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது. மாக்ரெட் அக்கா மூன்று இடியப்பத்தை இரண்டாக்கினார், இரண்டை ஒன்றாக்கினார். மத்தியானம் ஒரு அகப்பை சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சுண்டல், ஒரு துண்டு மீன். அந்த மீனிலும் முள்ளுத்தான் கூட. வயிறு மட்டும் முன்னால் நிற்க, தோளெலும்பு தெரிய அந்தப் பெட்டை இளைத்துக்கொண்டு போனாள். சட்டைக் கழுத்து தொங்கியது.

அப்போதுதான் நான் ஒரு வேலை செய்தேன்.

ஒரு தட்டுக்கு ஐம்பது துண்டு. ஒரு வெள்ளிக்கிழமை மாக்ரெட் அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, "ஒண்டு குறையுது, எங்க?" என்று கேட்டார். நான் அவரைப் பார்த்தேன், பிறகு றேணுகாவைப் பார்த்தேன். அவ்வளவுதான். கண்ணைத் திருப்பினேன், அவ்வளவுதான். அந்தத் துண்டைத் தின்றவள் நான். விடியத் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்திருந்தேன், பசித்தது, கஜுப் பருப்பு பெரிதாகத் தெரிந்த ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். இதை இன்றுவரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் ரொஷான் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்குள் சண்டை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு எழுத்தும் தப்பவில்லை.

"உன்ட பொம்பிளைய ஒண்டில் நீ பார், இல்லாட்டி தாய் வீட்டுக்கு அனுப்பு. நான் ராவும் பகலும் டொபிக்குக் காவல் நிக்கேலாது," என்றார் மாக்ரெட் அக்கா.

"றேணு, அம்மா சொல்றதக் கொஞ்சம் கேளன்," என்றான் ரொஷான். அவன் பிறந்ததிலிருந்து சொல்கிற ஒரே வசனம்.

"என்னத்தக் கேக்கச் சொல்றீங்க? நான் தின்னேல்ல."

"தின்னாட்டி எப்பிடி ஏறும்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்களும் நம்பேல்லையா?"

சப்பாத்தைக் கழற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. நல்ல ஆம்பிளை.

நவம்பர் முதல் கிழமை கிளினிக். ரொஷானுக்கு லீவு இல்லை, மாக்ரெட் அக்காவுக்கு ஓடர், ஆகவே நான்தான் கூடப் போனேன். நீட்டு வாங்கில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இருபது வயிறு. மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். கொண்டுபோன இடியப்பத்தைப் பைப்படியில் நின்று தின்று கை கழுவிவிட்டு வந்தாள். இரண்டு மணித்தியாலத்தின் பின் மறுபடி எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு.

மிட்வைஃப் டில்ஷானி மிஸ் அந்த எண்ணையும் வீட்டுக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிங்களப் பெண், எங்கள் பகுதியில் ஓடித் திரிந்து உடைந்த தமிழ் பழகியவர். கெட்டவர் இல்லை, ஆனால் ஐம்பது பேரைப் பார்த்து முடித்த களைப்பு.

"இது என்ன நங்கி? கிளினிக் வாற நாளைக்கு மட்டும் நல்ல பிள்ளை. வீட்டுல எல்லா நாளும் இருநூறு, இருநூத்தி அம்பது. எங்கள ஏமாத்துறதா?"

"இல்ல மிஸ்."

"வீட்டுல என்ன வேலை?"

"மாமிக்கு உதவி."

டொபி என்று சொல்லியிருந்தால் அந்த மனுசிக்கு அப்போதே விளங்கியிருக்கலாம். ஆனால் டொபி என்று சொன்னால் தின்கிறாள் என்றுதானே சொல்வார்கள் என்று றேணுகா அந்தச் சொல்லை விழுங்கிவிட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

"போன பிள்ளை என்ன ஆச்சு தெரியும்தானே?" என்றார் மிஸ். "உனக்குப் பிள்ளை வேணுமா, இனிப்பு வேணுமா?"

வாங்கில் இருந்த இருபது வயிறும் திரும்பிப் பார்த்தது. உள்ளே டொக்டர் கொப்பியைப் புரட்டினார். கிளினிக் எண் ஒன்று, வீட்டு எண் இருபது. அவர் இருபதை நம்பினார். ஆறு யூனிட் பன்னிரண்டானது. வெளியே வரும்போது மிஸ் ஒரு தாளைக் கையில் திணித்தார். "இத வாசி. முன்னமும் தந்தது. நடுங்கினா, வேர்த்தா, உடனே இனிப்பு ஏதும் வாயில போடணும், ஹரித?"

"ஹரி மிஸ்."

தாள் முழுக்கச் சிங்களம். நாங்கள் இருவரும் சந்தையில் சிங்களத்தில் சண்டை பிடிப்போம், பஸ்ஸில் சிங்களத்தில் ஏசுவோம். வாசிக்கத் தெரியாது. அவள் அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்தாள். முன்பு தந்த தாளும் அங்கேதான் இருந்தது.

பஸ்ஸில் வரும்போது என்னைக் கேட்டாள். "அன்ரி, நீங்களும் நான் திங்கிறன் எண்டுதானே நினைக்கிறீங்க?"

"நினைச்சா என்ன, நினைக்காட்டி என்ன. பிள்ளையப் பார்த்துக்கொள்."

"அன்ரி, உள்ளுக்க உதைக்குது. பசியில உதைக்குதோ தெரியாது. நான் இத இழக்க மாட்டன். ஆர் என்ன சொன்னாலும் இழக்க மாட்டன்."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்க்கிறதுக்கு அங்கே ஒன்றுமில்லை, மழையும் லொறியும்தான்.

மூன்றாம் நாள். திங்கட்கிழமை. ஏழேகாலுக்குப் பன்னிரண்டு யூனிட் போட்டாள். ஒரு இடியப்பம், கொஞ்சம் பருப்பு. எட்டு மணிக்கு மேசைக்கு வந்தாள். அன்றைக்கு எட்டுத் தட்டு. ஒன்பது மணியளவில் அவளுடைய மேலுதட்டில் வேர்வையைக் கண்டேன். அடுப்படியில் எல்லோருக்கும்தான் வேர்க்கும் என்று விட்டுவிட்டேன்.

"அன்ரி, கை நடுங்குது."

"பேசாமச் சுத்து. மாமிக்குக் கேட்டா இன்னொரு நாடகம்."

"கண் இருட்டுது."

டொபி அவளுடைய விரலிலிருந்து இரண்டு தரம் நழுவி விழுந்தது. மூன்றாம் தரம் எடுத்ததைத் தாளில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள், வாயில் போட்டாள்.

தாச்சியடியிலிருந்து மாக்ரெட் அக்கா வந்த வேகத்தை நான் என்னவென்று சொல்ல. அறுபத்தொரு வயது மனுசி, கால் மூட்டு வருத்தக்காரி, பறந்து வந்தார்.

"பிடிச்சிட்டன்! பிடிச்சிட்டன் கள்ளிய!"

ஒரு கையால் அவளுடைய தாடையை நெரித்தார். மற்றக் கையின் இரண்டு விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினார். பாதி கரைந்த டொபியை எச்சிலோடு வெளியே எடுத்து எனக்கு முன்னால் நீட்டினார். "பார் பிலோ! கண்ணால பார்! நான் சொல்லேக்க ஒருத்தரும் நம்பேல்லையே!"

"மாமி, மிஸ் சொன்னவ..." என்றாள் றேணுகா. நாக்கு குழறியது. அதோடு கதிரை சரிந்தது.

"நடிக்கிறா," என்றார் மாக்ரெட் அக்கா. கையில் டொபி அப்படியே இருந்தது. "எழும்படி, நடிக்காத."

அவள் எழும்பவில்லை. கண் மேலே போயிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. "அக்கா, தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். பதினொரு வருடத்தில் அந்த மனுசியைப் பார்த்து நான் கத்திய முதல் தரம். ஒழுங்கை முனையில் திறீவீலர் ஓட்டுகிற ஹெக்டர் நின்றான். அவனும் நானும் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். ஏழு மாத வயிறும் சேர்ந்துதான், ஆனால் பாரமே இல்லை.

"இன்சுலின் போடுறவவா?" என்று ஹெக்டர் ஹோனை அமுக்கியபடி கேட்டான். "என்ட அப்பாக்கும் இப்பிடித்தான் வந்தது. சீனி இருக்கா? சீனி!"

"இங்க ஏது சீனி?"

"உங்கட கையப் பாருங்க, அன்ரி!"

பார்த்தேன். பத்து விரலும் வெள்ளை. அந்த விரல்களை அவளுடைய கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தேன், பல் முரசில் தேய்த்தேன். ஒவ்வொரு விரலாகத் தேய்த்தேன். "அந்தோனியாரே, அந்தோனியாரே" என்பதைத் தவிர வேறொரு செபமும் எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் என் விரலைக் கடித்தாள். கடிக்கட்டும், உயிர் இருக்கிறது என்று அழுதேன்.

உள்ளே ஈரப் பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினார்கள். நாற்பத்தொன்று. ஓடினார்கள், நரம்பில் ஏற்றினார்கள். வயிற்றில் ஒரு கருவியை வைத்துத் தேடினார்கள். தேடிக்கொண்டே இருந்தார்கள். நான் திரைக்கு வெளியே நின்றேன். முதல் பிள்ளையின் பெட்டி கண்ணுக்குள் வந்து வந்து போனது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது, டக்கு டக்கு டக்கு டக்கு என்று. நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

பின்னேரம் மர்லியா சிஸ்டர் என்ற தாதி, ஹெக்டர் போய் எடுத்துவந்த மீற்றர்ப் பையிலிருந்த கொப்பியோடு என்னிடம் வந்தார்.

"இந்தப் பொஸ்தகத்தில எல்லாம் இருநூத்துக்கு மேல ஈக்கிது. ஆனா நாங்க எடுத்த ரத்தத்தில மூணு மாசத்துக் கணக்குப் பாத்தா அவ்வளவு இல்ல. வீட்டுல ஆரு குத்துற?"

"அவளேதான் சிஸ்டர். மேசையில இருந்தே."

"எந்த மேச?"

சொன்னேன். டொபி, தாள், ஐசிங் சீனி, துணி, கை நனையக்கூடாத சட்டம், எல்லாம் சொன்னேன். சிஸ்டர் என் கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் சீனி இருந்தது.

"யா அல்லாஹ்! கை கழுவாமலா குத்தின? விரல்ல சீனி ஒட்டி ஈந்தா மெஷின் அதயும் ரத்தத்துச் சீனி எண்டுதான் காட்டும். டொபியத்தான் அளந்தீக்கிறீங்க, ரத்தத்த இல்ல. அதப் பாத்து டொக்டர் ஊசியக் கூட்டியீக்கிறார்." கொப்பிக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். "மொத வரியிலயே போட்டீக்கிதே, சவுக்காரம் போட்டுக் கை கழுவித் தொடச்சிட்டுக் குத்தச் சொல்லி."

"அது சிங்களம், சிஸ்டர்."

அவர் தாளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மடித்து வைத்தார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு நோயாளர் பார்க்கிற நேரம். மாக்ரெட் அக்கா மேசையிலிருந்து நேரே வந்திருந்தார். புடவைக் கொசுவத்தில் எண்ணெய்த்தாள் துண்டு ஒட்டியிருந்தது. ரொஷான் பின்னால். நான் விசயத்தை நடையிலேயே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே கட்டிலடிக்குப் போனார்.

"என்ன பேய்க்கதை. கை கழுவாட்டிச் சீனி ஏறுமா? நாப்பது வருசமா நான் கை கழுவாமத்தான் டொபி போடுறன்." றேணுகாவைப் பார்த்தார். "நான் என்ட கையால வாயிலயிருந்து தோண்டி எடுத்தனான். அதுவும் பொய்யா?"

பக்கத்துக் கட்டில்காரிகள் கதையை நிறுத்திவிட்டார்கள். றேணுகா தலையணையில் சாய்ந்திருந்தாள். கையில் குழாய். அவள் மெல்ல எழுந்து கட்டிலோர மேசை லாச்சியைத் திறந்து மீற்றரை எடுத்தாள்.

"மாமி, கையத் தாங்க."

"எதுக்கு?"

"தாங்க."

"நான் ஏன் பயப்பிட? எனக்கென்ன சீனியா?" என்று நீட்டினார். நீட்டிய விரல் பளபளத்தது. றேணுகா குத்தினாள். சொட்டை வைத்தாள். ஐந்து செக்கன். எண்ணைப் பார்த்தாள், மாமிக்குத் திருப்பிக் காட்டினாள்.

முந்நூற்று நாற்பத்தேழு.

"என்ன களவாத் திண்டனீங்க, மாமி?" என்று கேட்டாள்.

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் வார்ட்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நான்... நான் ஒண்டும் தின்னேல்ல," என்றார் மாக்ரெட் அக்கா. "காலமயிலயிருந்து ஒரு இடியப்பம் மட்டும்தான். மாதா சத்தியமா."

"நானும் அதத்தான் சொன்னனான். ஒவ்வொரு நாளும் சொன்னனான்."

ரொஷான் "றேணு" என்று ஏதோ தொடங்கினான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் இங்கயிருந்து நேரா மட்டக்குளிக்கு அம்மாட்டப் போறன். நீங்க வாறெண்டா வாங்க. வராட்டியும் எனக்கு ஒண்டுமில்ல. இந்தப் பிள்ளை அந்த வீட்டில பிறக்காது."

மாக்ரெட் அக்கா அதைக் கேட்டாரோ தெரியாது. அவர் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வார்ட் மூலையில் இருந்த பேசினுக்குப் போனார். பைப்பைத் திறந்தார். சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து அதே விரலை மறுபடி நீட்டினார்.

"திருப்பிக் குத்து."

றேணுகா மீற்றரைப் பையில் போட்டுச் சிப்பை இழுத்தாள். "பட்டி இல்ல மாமி. இருக்கிறது என்ட பிள்ளைக்கு."

அந்த விரல் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டபடி நின்றது. ஒருவரும் தொடவில்லை. மணி அடித்தது, எல்லோரையும் போகச் சொன்னார்கள்.

பஸ்ஸில் மாக்ரெட் அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். இப்போது இந்த மனுசிக்கு இரண்டு வழிதான். ஒன்று, எண்ணில் வந்தது டொபிச் சீனி என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டால் மருமகள் கள்ளி இல்லை, பட்டினி போட்டதும் வாயில் கை விட்டதும் இவர் செய்த அநியாயம். இல்லையென்றால் எண் மெய். எந்த வழியால் போகப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொட்டாஞ்சேனைச் சந்தி வந்தபோது வாயைத் திறந்தார்.

"எனக்கும் சீனி வருத்தம் வந்திட்டுது போல, பிலோ."

அடி பாவி! எழுந்து நின்று அறையலாம் போல இருந்தது. கழுவிவிட்டுக் குத்தினால் ஒன்றும் இருக்காது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இருக்கும்," என்றேன். "முந்நூத்தி நாப்பத்தேழு எண்டா சும்மாவா?"

தை மாதம் மட்டக்குளியில் றேணுகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம், அழுதுகொண்டே பிறந்ததாம். ரொஷான் இப்போது அங்கேதான், துறைமுகத்துக்கும் அங்கிருந்துதான் போய்வருகிறான். நான் பார்க்கப் போனேன். வாசலிலேயே பைப்பைக் காட்டினாள், கழுவினேன், பிறகுதான் பிள்ளையைத் தந்தாள். ஐம்பதில் ஒன்று குறைந்ததைச் சொல்லத்தான் போனேன். பிள்ளை கையில் கிடந்தபோது வாய் வரவில்லை. மாக்ரெட் அக்காவை அவள் பிள்ளை பார்க்கக் கூப்பிடவில்லை. ஞானஸ்நானத்துக்கும் கூப்பிடவில்லை.

மாக்ரெட் அக்கா ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார், தனக்கு முந்நூற்று நாற்பத்தேழு என்று. ஒரு டொக்டரிடமும் போகவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை, மத்தியானம் ஒரு அகப்பை சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சுண்டல், காலையில் ஒரேயொரு இடியப்பம். அவர் மருமகளுக்கு அளந்த அதே அளவு. கழுத்தெலும்பு தெரிகிறது.

போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. ஹெக்டரின் தகப்பனுடைய மீற்றரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அவர் தனியாக மேசையில் இருந்து டொபி சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே றேணுகாவின் கதிரையும் நான் விட்டுப்போன கதிரையும் வெறுமை.

"அக்கா, ஒருக்காக் கையக் கழுவிட்டு வாங்க. குத்திப் பாப்பம்."

மீற்றரைப் பார்த்தார். தாளின் இரண்டு பக்கத்தையும் முறுக்கி அந்த டொபியைப் பெட்டியில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"வேணாம் பிலோ," என்றார். "எனக்குச் சீனி இருக்கு. இருக்கட்டும்."